குரூப் 4 படிக்கிறவர்கள் விடாமுயற்சி என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

எங்கள் மாவட்ட மைய நூலகத்தில் குரூப் 4 மாதிரி அரசு வேலைக்கான போட்டித் தேர்வுக்குப் புதிதாகப் படிக்க வருகிறவர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருகிறேன். ஆள்தான் மாறுகிறார்கள், தவறுகள் அதேதான், பாதி நான் செய்தவை. செல்போனைத் தள்ளி வை, நேரத்துக்குத் தூங்கு என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

உட்கார்ந்த மணிநேரத்தைக் கணக்கு வைப்பது

இதைப் பார்த்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. "அண்ணா, இன்னைக்குப் பத்து மணி நேரம்" என்று ஸ்டாப்வாட்சைக் காட்டுவார்கள். சரி, நேற்றுப் படித்ததில் அஞ்சு கேள்வி கேட்கட்டுமா என்றால், "இன்னொரு தடவை ரிவிஷன் முடிச்சுட்டு வரேண்ணா." ஒரு தம்பி பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை நாலாவது முறையாக ஓட்டிக்கொண்டிருந்தார், பக்கமெல்லாம் ஹைலைட்டர். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, அடிப்படை உரிமைகள் எந்தப் பகுதி, எந்தெந்தச் சட்டப்பிரிவுகள் என்று கேட்டேன். இடது பக்கம், மஞ்சள் கோடு போட்டது என்பது வரை ஞாபகம் இருக்கிறது, விடை மட்டும் வரவில்லை. (பகுதி 3, 12 முதல் 35 வரை.)

திரும்பத் திரும்ப வாசித்தால் பக்கம் பழகிவிடும், பழகியதையே தெரிந்ததாக மனசு எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு குழு ஒரே பாடத்தை நான்கு சுற்று வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் போனதும் அவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. கொடுமை என்னவென்றால், எல்லாம் நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியதும் அந்த வாசித்த குழுதான்.

உடனே யாராவது, பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் எதிலும் கைதேர்ந்துவிடலாம் என்ற கதையை எடுப்பார்கள். எரிக்சன் என்ற உளவியலாளர் பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்துச் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பிய கதை அது. அவர் கணக்கெடுத்தது, தனியாக உட்கார்ந்து குறையைத் திருத்திக்கொண்ட பயிற்சி நேரத்தை. அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

ஆகவே தப்பான விடைகளை எண்ணுங்கள். பழைய வினாத்தாள் ஒன்று, 200 கேள்வி, மூன்று மணி நேரம், ஓஎம்ஆர் தாளோடு. தப்பு ஒவ்வொன்றையும் தனி நோட்டில் ஏற்றி, தெரியாததா, குழம்பியதா, அவசரமா என்று பக்கத்தில் எழுதுங்கள், அடுத்த வாரப் படிப்பு அந்த நோட்டிலிருந்துதான் ஆரம்பம். முதல் சில டெஸ்ட்டில் மார்க்கைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது. பரவாயில்லை.

ஒரு நாள் போனதற்காக ஒரு மாதத்தை விடுவது

ஊரில் கல்யாணம், இரண்டு நாள் போச்சு, இனி ஒண்ணாம் தேதியிலிருந்து புதுசா ஆரம்பிக்கலாம் என்பது. லண்டனில் லாலி என்ற ஆய்வாளரின் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் ஊறுவதற்கு ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கானது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. கல்யாணத்துக்குப் போய்விட்டு மறுநாளே வாங்க.

வாரத்துக்கு ஒரு புது மெட்டீரியல் வாங்குவது

வேண்டாம். பள்ளிப் புத்தகமே இன்னும் முடியவில்லை.

எங்கே நிறுத்துவது என்று பேசாமல் இறங்குவது

யூபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு 6 முறை, 32 வயது என்று கோடு இருக்கிறது. குரூப் 4-இல் இத்தனை முறைதான் என்ற கணக்கே கிடையாது, அதனால் "இவ்வளவு வருஷம் போட்டாச்சு, இப்ப எப்படி விடறது" என்பதே தொடரக் காரணமாகிவிடுகிறது. போன வருஷங்கள், படிப்பை விட்டாலும் திரும்பாது, தொடர்ந்தாலும் திரும்பாது. மார்க் கட் ஆஃப் பக்கம் நகர்கிறதா, அதைப் பாருங்கள். எந்த அட்டெம்ப்ட்டோடு வேறு வேலைக்குப் போவது என்பதை, ரிசல்ட் வந்து வீடே அழுதுகொண்டிருக்கும் நாளுக்குத் தள்ளாமல், படிக்க ஆரம்பிக்கும்போதே அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். முடிந்தால் பகுதி நேர வேலை ஒன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள், ரூம் வாடகைக்காவது ஆகும்.