அடுத்த 911 குறித்த ஊகங்களை எடைபோடும் முறை

ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் புதிய பதிப்பு வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும், இப்போது விற்பனையில் இருப்பதை வாங்கிவிடலாமா, பொறுத்திருக்கலாமா என்ற குழப்பம் வாங்க விரும்புவோரைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பேச்சில் எவ்வளவு தேறும் என்று கணிக்கப் பழக போர்ஷே 911 நல்ல பாடம். 2024 மே 28 அன்று வெளியான 992.2 பதிப்பைப் (992 எனக் குறிக்கப்படும் 911 தலைமுறையின் திருத்தப் பதிப்பு) பற்றி முன்பே உலவிய ஊகங்களை, உண்மையில் வந்த காருடன் இன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

முதலில் கால இடைவெளியைக் கணக்கிடுங்கள். 911-இன் 996 தலைமுறை 1997-இல் வந்து 2001-இல் திருத்தப்பட்டது; 997 தலைமுறை 2004-இலும் 2008-இலும், 991 தலைமுறை 2011-இலும் 2015-இலும் அதே வழியில் சென்றன. இந்த நான்காண்டு ஒழுங்கை நம்பியவர்கள், 2018 நவம்பரில் அறிமுகமான 992-இன் திருத்தப் பதிப்பை 2022-இல் எதிர்பார்த்திருப்பார்கள். அது வர ஐந்தரை ஆண்டுகள் ஆயின. ஆகவே, திருத்தம் ஒன்று உண்டு என்பதற்கு மட்டுமே இந்தக் கணக்கைச் சான்றாகக் கொள்ளுங்கள், மாதத்தைக் குறிக்க அல்ல.

அடுத்து சட்டத்தைப் பாருங்கள். என் கருத்தில், வெளிவராத வண்டியைச் சோதனையின்போது பிடிக்கும் உளவுப் படங்களைவிட இதுவே வலுவான சான்று, ஏனெனில் விதிகள் வெளிப்படையானவை, அவற்றின் தேதிகளும் முன்கூட்டியே அறிவிக்கப்படுபவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் நடைமுறைக்கு வந்த இணையப் பாதுகாப்பு விதியால் போர்ஷேயின் மற்றொரு ஸ்போர்ட்ஸ் காரான பெட்ரோல் 718-இன் பெரும்பாலான வகைகள் அங்கு விற்பனையிலிருந்து விலகின. மாசு விதிகளும் இப்படித்தான் எஞ்சினின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. 911 வரிசையில் ஒரு வகையான கரேரா ஜிடிஎஸ் காரின் புதிய 3.6 லிட்டர் எஞ்சின், எந்த வேகத்திலும் எந்தச் சுமையிலும் காற்றும் எரிபொருளும் சரிவிகிதத்தில் கலக்கும்படி அமைக்கப்பட்டதற்கு இந்த நெருக்கடியே பின்னணி.

பிறகே படங்கள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுதளத்தில் கறுப்பு வெள்ளைச் சுழிகள் ஒட்டப்பட்டு ஓடும் சோதனை வண்டியில் விளக்குகளின் வடிவத்தை நம்ப வேண்டாம்; பொய்யான ஒட்டுப்படங்களால் அதை எளிதில் மாற்றிக் காட்டிவிடுவார்கள். காற்று நுழையும் வாய்கள், புகைபோக்கிகளின் இடம், சக்கரங்களின் அகலம் ஆகியவற்றைப் பாருங்கள். வண்டி உண்மையாக ஓடியாக வேண்டும் என்பதால் இவற்றை மறைப்பது கடினம். கண்ணாடியில் மஞ்சள் வட்ட ஒட்டி இருந்தால், உயர் மின்னழுத்த மின்கலம் உள்ளே இருப்பதாக மீட்புப் பணியாளர்களுக்குச் சொல்லும் அறிவிப்பு அது. காணொளியாக இருந்தால் எஞ்சின் ஒலியையும் கவனித்துக் கேளுங்கள். கணினியில் ஓவியர் வரைந்த படத்தைச் சான்றாகவே எண்ணாதீர்கள்.

நிறுவனத்தின் பந்தய வண்டிகளும் திசை காட்டும். 2015 முதல் 2017 வரை லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தை மூன்று முறை தொடர்ந்து வென்ற 919 ஹைப்ரிட், வெளியேறும் புகையின் விசையிலிருந்தும் மின்சாரம் எடுத்தது. ஜிடிஎஸ் காரின் மின் டர்போ (புகையின் விசையால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கருவி) அதே வேலையைச் செய்கிறது. அதன் மின்கலம் வெறும் 1.9 கிலோவாட் மணி அளவுதான், வெளியிலிருந்து சார்ஜ் செய்யும் வசதியும் கிடையாது. 911 ஹைப்ரிட் ஆனால் சிக்கனத்துக்காக அல்ல, வேகத்துக்காகவே ஆகும் என்று 919-ஐக் கவனித்தவர்களால் முன்பே கணித்திருக்க முடியும்.

ஊகங்கள் பெரும்பாலும் தவறுவது, ஒரு வகைக்கு உரியதை வரிசை முழுவதற்கும் ஏற்றிச் சொல்லும்போதுதான். ‘911 ஹைப்ரிட் ஆகிறது’ என்ற ஒற்றை வரி உண்மையைத் தொட்டது, ஆனால் பாதியை மட்டுமே. ஜிடிஎஸ் 541 பிஎஸ் (குதிரைத்திறன்) ஆற்றலுடன் ஹைப்ரிட் ஆனது. அடிப்படைக் கரேரா 3 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சினிலேயே நீடித்தது. ஜிடி3 என்ற வகை டர்போகூட இல்லாத 4 லிட்டர் எஞ்சினை விடவில்லை. எனவே எந்தச் செய்தியைப் படித்தாலும் அது எந்த வகையைப் பற்றியது என்று முதலில் கேளுங்கள்.

புதிதாக வரப்போவதைப் பற்றியே பேசும் செய்திகளில், எது போகும் என்பது அரிதாகவே இடம்பெறுகிறது. புதிய ஜிடிஎஸ் காரில் கையால் கியர் மாற்றும் வசதி இல்லை. வரிசை முழுவதிலும் எஞ்சின் சுழற்சியைக் காட்டிய முள் மானி மறைந்து திரை வந்துவிட்டது. இவ்விரண்டையும் நேசித்த ஒருவருக்குக் காத்திருந்தது நட்டமே, கூடுதல் குதிரைத்திறன் அதை ஈடு செய்யாது. வாங்கத் திட்டமிடுபவர் தமக்கு இன்றியமையாத மூன்று அம்சங்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றும் நீக்கப்படுவதற்குச் சட்டம், எடை, செலவு ஆகியவற்றில் ஏதேனும் காரணம் உண்டா என்று யோசித்துப் பார்க்கட்டும். காரணம் இருக்குமானால், இப்போதுள்ள பதிப்பையே வாங்கிவிடுவதுதான் என் பரிந்துரை.