புதுப்பித்துத் திரும்பிய சொகுசுக் கப்பலில் பயணம்: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

புதுப்பிப்பு முடிந்து கடலுக்குத் திரும்பும் சொகுசுக் கப்பலில் ஏறுவது தனி மகிழ்ச்சி. யாரும் படுத்திராத மெத்தை, கீறல் விழாத மேசை, பளபளக்கும் படிக்கட்டு எனப் பார்க்கும் இடமெல்லாம் புதுமை தெரியும். அதே கப்பலில் மூடிக் கிடக்கும் உணவகமும் சுத்தியல் ஓசையும் பெயின்ட் வாடையும் இருக்கலாம். எதை எதிர்பார்ப்பது, எதை முன்கூட்டியே கவனிப்பது என்று தெரிந்துகொண்டு ஏறினால், இந்தப் பயணம் மற்றெந்தப் பயணத்தையும் விடச் சிறப்பாக அமையும் என்பது என் உறுதியான கருத்து.

வேலை ஏன் மிச்சமிருக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பயணிகள் கப்பலின் அடிப்பகுதியைப் பொதுவாக ஐந்து ஆண்டுகளில் குறைந்தது இரண்டு முறை நீருக்கு வெளியே வைத்து ஆய்வு செய்ய வேண்டும் என்கின்றன சர்வதேசப் பாதுகாப்பு விதிகள். இதற்காகக் கப்பலை ‘டிரை டாக்’ எனப்படும் உலர் துறைக்குள் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து, வாயிலை அடைத்து, நீரை வெளியேற்றி, வரிசையாக அடுக்கிய கட்டைகளின் மேல் அமர வைக்கிறார்கள். அடிப்பகுதிக்குப் பாசி படியாத பெயின்ட் பூசுவது, உந்துவிசிறிகளைப் பழுது பார்ப்பது, அறைகளில் கம்பளம் மாற்றுவது எல்லாம் அந்தச் சில வாரங்களுக்குள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பாதுகாப்பு தொடர்பான வேலைகள் முடிந்து சான்றிதழ் கிடைக்காமல் பயணிகளை ஏற்ற முடியாது. எனவே காலம் போதாதபோது தள்ளிப் போவது பெரும்பாலும் உள்ளலங்கார வேலைகள்தான். அவற்றை முடிக்க ஒப்பந்தப் பணியாளர்கள் கப்பலிலேயே தங்கி, பயணிகளோடு பயணம் செய்வதும் வழக்கம். நீங்கள் காணும் குறைகள் கண்ணுக்கு உறுத்தலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கப்பலின் பாதுகாப்பைப் பாதிப்பவை அல்ல.

படி 1: எவ்வளவு பெரிய புதுப்பிப்பு என்று கண்டறியுங்கள்

வெறும் கம்பளமும் திரைச்சீலையும் மாறிய கப்பலுக்கும், அறைகளின் எண்ணிக்கையே கூடிய கப்பலுக்கும் வேறுபாடு மிகுதி. குயின் மேரி 2 கப்பல் 2016ஆம் ஆண்டு ஹாம்பர்க்கில் 25 நாள் புதுப்பிக்கப்பட்டபோது, தனியாகப் பயணிப்போருக்கென 15 அறைகள் புதிதாக அமைக்கப்பட்டன. எம்எஸ்சி ஆர்மோனியா கப்பலை 2014இல் இத்தாலியின் பலெர்மோவில் குறுக்கே இரண்டாக வெட்டி, நடுவில் 24 மீட்டர் நீளப் புதிய பகுதியை வைத்து இணைத்தார்கள். இத்தகைய மாற்றம் நடந்த கப்பலைப் பொறுத்தவரை, பழைய பயணிகள் எடுத்த காணொளிகளை நம்பி அறையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நிறுவனத்தின் அறிவிப்பைப் படித்து, எந்தத் தளத்தில் என்ன மாறியது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: எந்தப் பயணம் என்று முடிவு செய்யுங்கள்

உலர் துறையிலிருந்து வந்தவுடன் புறப்படும் முதல் பயணத்தைத் தவிர்த்து, மூன்று அல்லது நான்கு வாரங்கள் கழித்து வரும் பயணத்தைத் தேர்ந்தெடுக்குமாறு தொடக்கநிலைப் பயணிகளுக்குப் பரிந்துரைக்கிறேன். அதற்குள் மிச்ச வேலைகள் பெரும்பாலும் முடிந்துவிடும். புதிய சமையலறைக்கும் பணியாளர்களின் கை பழகியிருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தையோடு செல்பவர்களும் முதல் பயணத்தை அறவே தவிர்ப்பது நல்லது. புதுக் கம்பளத்தின் பசையும் பெயின்ட்டும் மூடிய அறைக்குள் சில நாட்களுக்கு வாடை வீசும்.

முதல் பயணத்திலேயே செல்ல விரும்பினால், அது தள்ளிப் போகவோ ரத்தாகவோ கூடும் என்று எண்ணியே பணம் செலவிடுங்கள். 2019 ஏப்ரலில் பஹாமாஸ் தீவுகளின் கப்பல் கட்டும் தளம் ஒன்றில் ஒயாசிஸ் ஆஃப் த சீஸ் கப்பலின் மேல் கிரேன் சாய்ந்து விழுந்தது. மூன்று பயணங்கள் ரத்தாகி, பழுது பார்ப்பதற்காகக் கப்பல் ஸ்பெயினின் காடிஸ் நகருக்குச் சென்றது. இது அரிதான விபத்துதான் என்றாலும், விமானச் சீட்டையும் விடுதி அறையையும் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் பதிவு செய்ய இந்த ஒரு நிகழ்வே போதுமான காரணம். பயணக் காப்பீடு எடுக்கும்போது, நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால் உங்கள் மற்றச் செலவுகளுக்கு ஈடு கிடைக்குமா என்று கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

படி 3: அறையைத் தேர்ந்தெடுங்கள்

புதுப்பிப்புக்குப் பிந்தைய தள வரைபடத்தை மட்டுமே பயன்படுத்துங்கள். உங்கள் அறைக்கு நேர் மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். மேலும் கீழும் அறைகளே இருந்தால் அமைதி. மேலே புதிய நீச்சல் குளமோ உணவகமோ வந்திருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் ஓசை கேட்கும். காது அடைப்பான் ஒரு சோடி எடுத்துச் செல்வதும் நல்லது.

படி 4: அறைக்குள் நுழைந்த முதல் ஒரு மணி நேரம்

இந்த விளக்கத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். பெட்டியைப் பிரிக்கும் முன் எல்லாவற்றையும் இயக்கிப் பாருங்கள். குழாயைத் திறந்து நீர் தெளியும் வரை ஓட விடுங்கள். புதிய இணைப்புகளில் தங்கிய கலங்கல் சில நிமிடங்களில் போய்விடும். கழிப்பறையை ஒரு முறை இயக்குங்கள். கப்பலின் கழிவுக் குழாய்கள் வெற்றிட அழுத்தத்தில் இயங்குவதால், ஓரிடத்தில் அடைப்பு ஏற்பட்டால் அக்கம்பக்கத்து அறைகளும் பாதிக்கப்படும். குளிரூட்டி, ஒவ்வொரு மின்செருகி, பெட்டகத்தின் பூட்டு, பால்கனிக் கதவு என வரிசையாகச் சோதித்து வாருங்கள்.

நான் பயணம் செய்த ஒரு கப்பலில், தாழ்வாரச் சுவர்களில் விரல் நீளத்துக்கு நீல நிற ஒட்டுநாடாத் துண்டுகள் ஒட்டியிருந்தன. திருத்த வேண்டிய இடங்களை அடையாளம் காட்டத் தொழிலாளர்கள் ஒட்டியவை அவை. லிஃப்டின் பொத்தான் பலகையில் பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்கப்படவில்லை. என் அறையில் குளியலுக்கு நீரைத் திறந்தபோது, அது வடியாமல் மெல்ல ஏறி, வாசற்படியைத் தாண்டிப் புதுக் கம்பளத்தை நனைக்கத் தொடங்கியது. உடனே தொலைபேசியில் சொன்னேன். வந்த தொழிலாளி வடிகால் மூடியைக் கழற்றி, உள்ளிருந்து காய்ந்த சிமென்ட் கட்டி ஒன்றையும் சுருண்ட பிளாஸ்டிக் துண்டையும் வெளியே எடுத்தார். பத்து நிமிடத்தில் நீர் சீராக வடிந்தது. முன்பே சோதிக்காமல், நனைந்த கம்பளத்தை அன்றிரவுதான் கண்டுபிடித்திருந்தால், கப்பல் நிறைந்திருந்த நிலையில் எனக்கு மாற்று அறை கிடைத்திருக்காது.

குறை இருந்தால் ஒளிப்படம் எடுத்து, அன்றே விருந்தினர் சேவை மேசையில் பதிவு செய்யுங்கள். நேரத்தையும் பேசியவரின் பெயரையும் குறித்து வையுங்கள். முதலில் பழுதைச் சரிசெய்யக் கேளுங்கள்; முடியாவிட்டால் மாற்று அறை, அதுவும் இயலாவிட்டால் கப்பலில் செலவிடக்கூடிய வரவுத் தொகை என்ற வரிசையில் கேட்பது பலன் தரும்.

படி 5: பாதுகாப்புப் பயிற்சி

கோஸ்டா கான்கார்டியா கப்பல் 2012இல் கவிழ்ந்த பிறகு விதி இறுக்கமானது. 2015 முதல், புதிதாக ஏறிய பயணிகளுக்கான அவசரகாலப் பயிற்சி புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தப்பட வேண்டும். முன்பு இதே கப்பலில் வந்தவராக இருந்தாலும், ஒன்றுகூடும் இடமும் வழியும் மாறியிருக்கலாம். உங்கள் அறையிலிருந்து அங்கே ஒரு முறை நடந்தே சென்று பாருங்கள். வழியில் கட்டுமானப் பொருட்கள் குவிந்திருந்தால் தயங்காமல் தெரிவியுங்கள். மற்றக் குறைகளில் பொறுமை காட்டலாம், இதில் கூடாது.

படி 6: பயண நாட்கள்

எந்த உணவகம் திறந்திருக்கிறது, எங்கே வேலை நடக்கிறது என்பதைக் காலையிலேயே கேட்டு அன்றைய திட்டத்தை வகுத்துக்கொள்ளுங்கள். பணியாளர்களிடம் கனிவாக இருங்கள். அவர்களில் பலர் புதுப்பிப்பு நடந்த வாரங்களிலும் கப்பலிலேயே தங்கி, தூசிக்கும் இரைச்சலுக்கும் நடுவே மரச்சாமான் சுமந்து, தரை துடைத்து, ஓய்வின்றி உங்களை வரவேற்க வந்தவர்கள். புதிய இடங்களின் வழி அவர்களுக்கே இன்னும் பழகியிருக்காது.

தீராத குறைக்கு நிறுவனம் ஈடு தருவதாகச் சொன்னால், கடைசி நாளுக்கு முந்தைய நாளே அது உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கும் நாள் காலையில் சேவை மேசையின் முன் வரிசை மிக நீளமாக இருக்கும். கருத்துப் படிவத்தில், உங்கள் அறையைச் சரிசெய்து தந்தவரின் பெயரையும் மறக்காமல் எழுதிக் கொடுங்கள்.