வார் தண்டரின் மாதாந்திர வரலாற்றுச் சவால்கள்: அலட்டிக்கொள்ளாமல் முடிக்கும் வழி

டேங்க், விமானம், கப்பல் வைத்து மோதும் ஆன்லைன் கேமான வார் தண்டரை ஆடுகிறவர்கள் நிறையப் பேர், மாதாந்திர வரலாற்றுச் சவால்கள் இருக்கும் ‘பேஜஸ் ஆஃப் ஹிஸ்டரி’ பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்களிலும் பலர் மாதக் கடைசியில், “ஐயோ, இன்னும் ரெண்டு பாக்கி இருக்கே” என்று நடுராத்திரியில் உட்கார்ந்து, பழக்கமே இல்லாத ஒரு நாட்டின் வண்டியை எடுத்துக்கொண்டு போய், ஸ்பான் ஆன (களத்தில் இறங்கிய) இடத்திலிருந்து ரெண்டு தெரு தாண்டுவதற்குள் வெடித்து, கேமைத் திட்டிவிட்டுப் படுக்கப் போகிறார்கள். அந்தச் சவால்கள் அவ்வளவு கஷ்டமே இல்லை. ஒரே ஒரு வேலையை முன்கூட்டியே செய்து வைத்தால் போதும். நீங்கள் தொடும் ஒவ்வொரு நாட்டிலும், மூன்றாம் ரேங்க்கில் (ரேங்க் என்பது வண்டிகளின் படிநிலை), கண்ணை மூடிக்கொண்டு ஆடக்கூடிய ஒரு லைன்அப் (மேட்சுக்கு எடுத்துப்போகும் வண்டி வரிசை) இருக்க வேண்டும். அது இருந்தால் மீதி எல்லாம் விதிகளை ஒழுங்காகப் படிப்பதுதான்.

புதிதாக வந்தவர்களுக்காக: அந்தந்த மாதத்தில் வரலாற்றில் நடந்த சில போர்களையும் நிகழ்ச்சிகளையும் கேமை நடத்தும் கைஜின் நிறுவனம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டாஸ்க் வைக்கிறது. ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஒரு சின்னப் பரிசு, சொன்ன எண்ணிக்கையில் முடித்தால் மாதத்துக்கான பெரிய பரிசு. பூஸ்டர் (மேட்சில் கிடைப்பதைக் கூட்டிக் கொடுப்பது), ப்ரொஃபைல் ஐகான், பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் டைட்டில், வண்டியில் ஒட்டும் டெக்கல் இந்த மாதிரிதான் கிடைக்கும். இதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. எப்படியும் ஆடப்போகிற மேட்சுகளிலேயே இதையும் சேர்த்து முடிக்கலாம் என்பதுதான் விஷயம்.

எங்கே பார்ப்பது என்றால், ஹேங்கரில் (கேமின் முகப்புத் திரை) உங்கள் நிக்நேமை அழுத்துங்கள், அச்சீவ்மென்ட்ஸுக்குள் போங்கள், அங்கே அந்த மாதத்தின் பெயரோடு ‘பேஜஸ் ஆஃப் ஹிஸ்டரி’ இருக்கும். டாஸ்க்குகள் எல்லாம் ஒன்றாம் தேதியே திறந்துவிடாது, தேதி வாரியாக ஒவ்வொன்றாகத் திறக்கும். அறிவிப்புகளில் நேரம் ஜிஎம்டியில்தான் இருக்கும். நமக்கும் இலங்கைக்கும் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் எட்டு. ஜிஎம்டி 11 மணி என்றால் சென்னையில் மாலை 4:30. இதைக் கவனிக்காமல் “இன்னைக்கு முழுக்க டைம் இருக்கே” என்று ராத்திரிக்கு ஒத்திப்போட்டு, சாயங்காலமே மூடிய டாஸ்க்கைத் தேடுகிறவர்கள் உண்டு.

டாஸ்க்கின் வரலாற்றுக் கதையைப் படிப்பதற்கு முன் அதன் கீழே உள்ள நிபந்தனை வரியைப் படியுங்கள். எந்த நாடு (ஒன்றா, இரண்டா, இரண்டில் எதுவானாலும் சரியா), எந்த வகை (டேங்க்கா, ஃபைட்டரா, பாம்பரா, கப்பலா), குறைந்தபட்ச ரேங்க் என்ன (பெரும்பாலும் மூன்று), எந்த மோடு (எளிதிலிருந்து கடினம் வரை ஆர்கேட், ரியலிஸ்டிக், சிமுலேட்டர்), இதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அசால்ட்டும் (கணினி அனுப்பும் எதிரிகளை எதிர்க்கும் ஆட்டம்) யூசர் மிஷன்களும் (ஆடுகிறவர்களே உருவாக்கியவை) பொதுவாகக் கணக்கில் சேராது. இன்னொன்று, ‘ஒரே மேட்சில்’ என்று இருக்கிறதா, மொத்தமாகச் சேர்த்தால் போதுமா என்று பாருங்கள். முழு வேலையும் இந்த ஒரு சொல்லில் தலைகீழாக மாறிவிடும். எவ்வளவு கவனமாகப் படித்தாலும், முதல் மேட்ச் முடிந்ததும் அதே பக்கத்தைத் திறந்து எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஏறவில்லை என்றால் ஏதோ ஒரு நிபந்தனை தட்டுகிறது, அடுத்த ஏழெட்டு மேட்சை வீணாக்குவதற்கு முன் தெரிந்துவிடும்.

இப்போது முக்கியமான சமாச்சாரம். டாஸ்க்கில் சொல்லப்படும் போருக்கும் நீங்கள் எடுக்க வேண்டிய வண்டிக்கும் பெரும்பாலும் நேரடிச் சம்பந்தம் இருக்காது. ஜூன் மாதம் மிட்வே கடற்போர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1942 ஜூன் 4 காலையில் அகாகி, காகா, சோர்யு ஆகிய மூன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைச் சில நிமிடங்களில் முடித்தவை டாண்ட்லெஸ் டைவ் பாம்பர்கள், நாலாவதான ஹிர்யுவுக்கு அன்று மாலையே கதை முடிந்தது. ஆசையாக எஸ்பிடி-3 டாண்ட்லெஸ்ஸை எடுத்துக்கொண்டு போனீர்கள் என்றால், அது முதல் ரேங்க் வண்டி, மூன்றாம் ரேங்க் கேட்கும் டாஸ்க்கில் ஒன்றுகூட ஏறாது. வரலாற்று உணர்வை ஓரமாக வைத்துவிட்டு, நிபந்தனைக்குள் வரும் அமெரிக்க விமானங்களில் உங்கள் கைக்கு வந்தது எதுவோ அதை எடுங்கள்.

ஜெர்மனியும் சோவியத்தும் மோதிய டேங்க் போரான குர்ஸ்க் இன்னும் நல்ல உதாரணம். 1943 ஜூலை 5 அன்று ஜெர்மானியத் தாக்குதல் தொடங்கியது, ஜூலை 12 அன்று புரோகோரோவ்கா ஊரருகே பெரிய டேங்க் மோதல். டாஸ்க் ‘ஜெர்மனி அல்லது சோவியத், மூன்றாம் ரேங்க் முதல், தரைப்படை வண்டிகளை அழி’ என்று வந்தால் ஜெர்மனிப் பக்கம் உங்களுக்கு வரலாறும் சரியாக இருக்கும், ரேங்க்கும் சரியாக இருக்கும். டைகர் எச்1, பாந்தர் டி இரண்டும் மூன்றாம் ரேங்க், இரண்டுமே குர்ஸ்க்கில் இருந்தவை. சுமார் 200 பாந்தர்கள் அங்கேதான் முதன்முதலாகக் களம் கண்டன. ஆனால் புரோகோரோவ்காவில் பாந்தர் இல்லை, அவை கிராஸ்டாய்ச்லாண்ட் டிவிஷனோடு ஒபோயான் பக்கம் போய்க்கொண்டிருந்தன. சோவியத் பக்கம்தான் உதைக்கும். குர்ஸ்க்கில் போரிட்ட 76 மி.மீ. பீரங்கி டி-34-கள் கேமில் பெரும்பாலும் இரண்டாம் ரேங்க், மூன்றாம் ரேங்க்கில் கிடைக்கும் டி-34-85 நிஜத்தில் களத்துக்கு வந்ததே 1944-ல்தான். கேமுக்கு அது பற்றிக் கவலை இல்லை, உங்களுக்கும் இருக்க வேண்டாம்.

எந்தப் பக்கம் எடுப்பது என்று கேட்டால், புதியவர்களுக்கு நான் டைகரைத்தான் சொல்வேன். 88 மி.மீ. பீரங்கி அந்த பிஆரில் (பேட்டில் ரேட்டிங், வண்டியின் பலத்தைச் சொல்லும் எண்) எதிரே வரும் பெரும்பாலானவற்றை ஓட்டை போடும். ஒரே நிபந்தனை, நேருக்கு நேர் நிற்கக் கூடாது. முன்பக்கக் கவசம் 100 மி.மீ. செங்குத்தாகத்தான் இருக்கிறது, கிட்டத்தில் எதிரே நின்று சுடும் டி-34-85 அதை நேராகத் துளைத்துவிடும். வண்டியைக் கொஞ்சம் சாய்த்து, முன் மூலை எதிரியைப் பார்க்கும்படி நிறுத்திப் பாருங்கள், அதே குண்டுகள் வழுக்கிக்கொண்டு போகும். பாந்தர் டி வேறு கதை. முன்பக்கம் 80 மி.மீ. என்றாலும் நல்ல சாய்வு, அதனால் அடிக்கடி தாங்கிவிடும். பக்கவாட்டிலோ வெறும் 40 மி.மீ. ரிவர்ஸில் அது நகர்வது நடந்துபோகிறவனைவிட மெதுவாக இருக்கும், மூலையைத் தாண்டி மூக்கை நீட்டிவிட்டால் திரும்ப உள்ளே இழுக்க முடியாது. எனவே தூரத்தில் நின்று சுட வசதியுள்ள மேப் வந்தால் பாந்தர், ஊருக்குள் சண்டை என்றால் டைகர். டி-34-85 எடுக்கிறவர்கள் இதையே திருப்பிப் போட்டுப் படியுங்கள். பாந்தரின் முன்பக்க உடம்பில் குண்டை வீணாக்காமல் சுற்றி வந்து பக்கவாட்டில் ஒன்று, அவ்வளவுதான்.

ஃபெர்டினாண்ட் என்ற கனமான ஜெர்மானிய டேங்க் அழிப்பு வண்டியும் குர்ஸ்க்கின் வடக்குப் பகுதியில் இருந்ததுதான், வரலாறு சுத்தமாகப் பொருந்துகிறதே என்று அதையும் லைன்அப்பில் சேர்க்க ஆசை வரும். வேண்டாம். ரியலிஸ்டிக்கில் உங்கள் வரிசையில் எது உயர்ந்த பிஆரோ அதை வைத்துத்தான் மேட்ச் விழும். கனமான வண்டி ஒன்றைச் சேர்த்தால் மற்றவை எல்லாம் தங்களைவிடப் பெரிய ஆட்களோடு மோத வேண்டியிருக்கும்.

லைன்அப்புக்கு ஆரம்பப் புள்ளி வேண்டுமென்றால்: ஜெர்மனிக்கு மேலே சொன்ன இரண்டும், சோவியத்துக்கு டி-34-85, அமெரிக்காவுக்கு 76 மி.மீ. பீரங்கி வைத்த எம்4ஏ3 ஷெர்மன், பிரிட்டனுக்கு ஷெர்மன் ஃபயர்ஃப்ளை, ஜப்பானுக்கு சி-டோ, பிரான்ஸுக்கு ஏஆர்எல்-44. வானத்தில் ஸ்பிட்ஃபயர் மார்க் 9, லா-5எஃப்என் போன்றவை. எல்லா நாட்டையும் ஒரே மூச்சில் திறக்கக் கிளம்பாதீர்கள், கிரைண்ட் (வண்டி திறக்க மேட்ச் மேல் மேட்ச் ஆடுவது) உங்களைத் தின்றுவிடும். அமெரிக்கா, ஜெர்மனி, சோவியத், பிரிட்டன், ஜப்பான் ஐந்தும் இருந்தால் இரண்டாம் உலகப் போர் டாஸ்க்குகளில் பெரும்பாலானவற்றைத் தொட்டுவிடலாம். வண்டியை வாங்கியதோடு விடாமல், நல்ல குண்டையும் ஓட்டத்தை மேம்படுத்தும் மாடிஃபிகேஷன்களையும் சும்மா இருக்கும் நாட்களில் திறந்து வையுங்கள். டாஸ்க்கின் கடைசி நாளில் எதுவும் மேம்படுத்தாத ஸ்டாக் வண்டியோடு அல்லாடுவது மாதிரி எரிச்சல் வேறில்லை.

மோடு விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே டாஸ்க்குக்கு ஆர்கேடில் அதிகம், ரியலிஸ்டிக்கில் அதைவிடக் குறைவு, சிமுலேட்டரில் இன்னும் குறைவு என்று எண்ணிக்கை வைப்பது வழக்கம். சிமுலேட்டரில் எண்ணிக்கை சின்னது என்று பார்த்து ஏமாறாதீர்கள், ஏற்கெனவே அதை ஆடுகிறவர்களுக்குத்தான் அது லாபம். டேங்க் டாஸ்க்குகளுக்கு நான் ரியலிஸ்டிக், விமான டாஸ்க்குகளுக்கு ஆர்கேட் என்று வைத்திருக்கிறேன். ஆர்கேடில் ஒரு விமானம் போனால் அடுத்ததை உடனே எடுக்கலாம். ரியலிஸ்டிக் விமான மேட்சில் பத்து நிமிடம் உயரம் ஏறி, ஒரே தவறில் செத்து, மறுபடி க்யூவில் நிற்க வேண்டும், பொறுமை உள்ளவர்கள் செய்துகொள்ளட்டும். க்யூ நீளமாக இருந்தால் ஆசிய சர்வரோடு ஐரோப்பிய சர்வரையும் டிக் செய்யுங்கள். பிங் கொஞ்சம் ஏறும், டேங்க்குக்குப் பெரிய பாதிப்பு இல்லை.

இன்னும் ஒன்று, இதுதான் நேரத்தை அதிகம் மிச்சப்படுத்துவது. தினசரி பேட்டில் டாஸ்க்கை வரலாற்று டாஸ்க்கோடு ஒத்துப்போகிற மாதிரி தேர்ந்தெடுங்கள். அன்றைக்கு டேங்க்கில் கில் எடுக்கச் சொல்லும் பேட்டில் டாஸ்க் இருந்தால் குர்ஸ்க்கை அன்றைக்கே ஓட்டுங்கள். அதே மேட்சுகளில் இரண்டும் ஏறும், பேட்டில் பாஸும் (சீசன் பரிசு வரிசை) நகரும்.

கோல்டன் ஈகிள்ஸ் (நிஜக் காசுக்கு வாங்கும் கேம் பணம்) கொடுத்து டாஸ்க்கை முடித்துக்கொள்ளும் வசதி வரும். ஒரு ப்ரொஃபைல் ஐகானுக்காக நிஜக் காசைக் கொட்டுவது என்னைப் பொறுத்தவரை பைத்தியக்காரத்தனம். பெரிய பரிசு நிஜமாகவே வேண்டும், ஒன்றே ஒன்றுதான் குறைகிறது, கையில் ஈகிள்ஸும் சும்மா கிடக்கிறது என்றால் மட்டும் யோசிக்கலாம்.

கடல் டாஸ்க் வந்தால்? கப்பல் பக்கமே போகாதவர்கள் முதலில் பெரிய பரிசுக்கு எத்தனை டாஸ்க் தேவை என்று பாருங்கள். எல்லாம் தேவையில்லை என்றால் கடலை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு டெக்கலுக்காகக் கப்பல்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூன்றாம் ரேங்க் வரை ஏறுவது நியாயமான வியாபாரம் இல்லை.

கிடைக்கும் பூஸ்டரை வந்த உடனே போட்டுத் தீர்க்காதீர்கள். நன்றாக ஓட்டத் தெரிந்த வண்டியில், தொடர்ந்து சில மேட்ச் ஆட நேரம் இருக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பரிசு வண்டி, பிரீமியம் வண்டி இருந்தால் அதில் போடுவது இன்னும் நல்லது.

அடுத்த மாதம் எந்த நாடு வரும் என்று ஓரளவு ஊகிக்கவும் செய்யலாம், நாட்காட்டிதானே. ஏப்ரலில் 1942-ன் டூலிட்டில் தாக்குதல் (18-ம் தேதி), மே மாதம் 1941-ல் பிஸ்மார்க் மூழ்கியது (27), ஜூனில் மிட்வேயும் நார்மண்டியும், செப்டம்பரில் பிரிட்டன் வான்போர், அக்டோபரில் எல் அலமெய்ன் (23), நவம்பரில் பிரிட்டிஷ் சோர்ட்ஃபிஷ் விமானங்கள் இத்தாலியின் தாரன்டோ துறைமுகத்தை அடித்தது, டிசம்பரில் பேர்ல் ஹார்பர். இவையேதான் வரும் என்று இல்லை, கேள்விப்படாத சின்னச் சின்னச் சண்டைகளையும் எடுப்பார்கள். ஆனாலும் எந்த லைன்அப்பைத் தூசி தட்டி வைக்கலாம் என்று தெரியும். எனக்கு ஆசை, 1944 ஏப்ரல் 13 அன்று இம்பால் பக்கம் நுங்ஷிகம் மலைமேல் பிரிட்டிஷ் படையின் எம்3 லீ டேங்க்குகள் ஏறியதை ஒருநாள் டாஸ்க்காக வைக்க வேண்டும் என்று. டேங்க் ஏறாது என்று ஜப்பானியர்கள் நம்பியிருந்த மலை அது. வைத்தாலும் மூன்றாம் ரேங்க் கேட்டுத் தொலைப்பார்கள், லீயை எடுக்க முடியாது, பிரிட்டன் என்றால் மறுபடி ஃபயர்ஃப்ளைதான்.