வைரத்தால் காந்தப்புலம் அளத்தல்: தகவமைவு முறையைக் கணினியில் செய்து பார்ப்போம்

களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரம் மாவட்டம். அங்கே தும்பாவில் 1963-இல் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்குக் காந்த நடுக்கோடு அப்பகுதியை ஒட்டிச் செல்வதே காரணம். எல்லைக்கு இப்பக்கம் நம் குமரி மாவட்டத்திலும் புவிக்காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. அந்த நடுக்கோட்டை ஒட்டி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் கிழக்கு நோக்கிப் பாயும் மின்னோட்டத்தால், நண்பகலில் அது சில பத்து நானோடெஸ்லா கூடும். 40 மைக்ரோடெஸ்லா என்பது 40,000 நானோடெஸ்லா; அதில் அந்தச் சில பத்துகளை எப்படிப் பிரித்தறிவது?

வைரத்தில் ஒரு கார்பன் அணுவுக்குப் பதில் நைட்ரஜனும் அதையடுத்து ஒரு காலி இடமும் உள்ள நைட்ரஜன்–வெற்றிட மையத்தின் எலக்ட்ரான் தற்சுழற்சியை (spin) பச்சை லேசரால் தயார்செய்து, இரு மைக்ரோவேவ் துடிப்புகளுக்கு நடுவே சிறிது நேரம் காத்திருந்து, வெளிவரும் சிவப்பொளியைக் கொண்டு விடை 0 அல்லது 1 என வாசிக்கிறோம். காத்திருக்கும்போது, மையத்தின் அச்சுத் திசையிலுள்ள புலம், ஒரு நானோடெஸ்லாவுக்கு வினாடிக்கு 28 சுற்று என்ற வீதத்தில் தற்சுழற்சியின் கட்டத்தை (phase) சுழற்றுகிறது. விடை 0 ஆகும் வாய்ப்பு இக்கட்டத்துக்கேற்பக் கொசைன் வளைவாக ஏறி இறங்கும். நீண்ட நேரம் காத்திருந்தால் நுட்பம் கூடும். ஆனால் எத்தனை முழுச் சுற்று முடிந்தது என்பது தெரியாது. நிமிட முள் மட்டுமே உள்ள கடிகாரம் மணியைச் சொல்லாதது போலத்தான் இது.

முதல் படியாக, பைத்தானில் 0 முதல் 80 மைக்ரோடெஸ்லா வரை ஒரு நானோடெஸ்லா இடைவெளியில் புள்ளிகளை அடுக்கி, எல்லாவற்றுக்கும் சமமான நிகழ்தகவு கொடுங்கள். உண்மைப் புலமாக 40.2 மைக்ரோடெஸ்லா வைத்துக்கொண்டு, அதற்கேற்ற வாய்ப்பில் 0, 1 விடைகளைக் கணினியே தரும்படி செய்யுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு விடை கிடைத்ததும் பதினோராம் வகுப்பில் படித்த பேயீஸ் தேற்றப்படி, ஒவ்வொரு புள்ளியின் நிகழ்தகவையும், அப்புள்ளியின் புலம் அந்த விடையைத் தரும் வாய்ப்பால் பெருக்கி, மொத்தம் 1 ஆகும்படி வகுத்துவிடுங்கள். இரண்டாம் துடிப்பின் கட்டத்தை 0 பாகை, 90 பாகை என மாற்றி மாற்றி வைக்க வேண்டும். இல்லையேல் கொசைன் வளைவின் இரு சரிவுகளையும் வேறுபடுத்த முடியாது.

மூன்றாம் படியே இந்தத் தகவமைவு முறையின் உயிர். அடுத்த காத்திருப்பு நேரத்தை முன்கூட்டியே முடிவுசெய்யாமல், இப்போதைய பரவலின் திட்டவிலக்கத்திலிருந்து கணக்கிடுங்கள்: 28 பில்லியன், திட்டவிலக்கம் டெஸ்லாவில், 2π ஆகிய மூன்றின் பெருக்கலால் 1-ஐ வகுத்தால் வினாடியில் நேரம் கிடைக்கும். தொடக்கத்தில் திட்டவிலக்கம் 23 மைக்ரோடெஸ்லா என்பதால் நேரம் கால் மைக்ரோவினாடி. திட்டவிலக்கம் 5 மைக்ரோடெஸ்லாவாகச் சுருங்கும்போது நேரம் 1.1 மைக்ரோவினாடியாக நீளும். இதை ஒருமுறை மீறிப் பாருங்கள். தொடக்கத்திலேயே 5 மைக்ரோவினாடி காத்திருந்தால், 7.14 மைக்ரோடெஸ்லா இடைவெளியில் 33, 40, 47 என்று ஒரே உயரத்தில் வரிசையாக முகடுகள் எழும். எது உண்மை என்று அதே 5 மைக்ரோவினாடியில் எத்தனை முறை அளந்தாலும் தெரியாது.

நேரம் முடிவின்றி நீளவும் கூடாது. கட்டத்தைக் குலைக்கும் கார்பன்-13 அணுக்கள் குறைக்கப்பட்ட வைரத்தில் கட்டம் சுமார் 100 மைக்ரோவினாடி நிலைக்கும் எனக் கொண்டு, அதை √2-ஆல் வகுத்து, 70-இல் நிறுத்துங்கள். நீளும் நேரத்துக்கேற்ப வளைவின் உயரம் குறைவதையும் வாய்ப்புக் கணக்கில் சேர்க்க மறவாதீர்கள். திட்டவிலக்கம் 81 நானோடெஸ்லாவைத் தொடும்போது இந்த எல்லை வரும். அதன்பின் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு அளவீடுகள் தேவை.

2016-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் இத்தகைய உடனடித் தகவமைவை ஒற்றைத் தற்சுழற்சியில் செய்துகாட்டினர். கடுங்குளிரில் ஒரே வாசிப்பில் விடை தெரிந்தது அவர்களுக்குக் கைகொடுத்தது. அறை வெப்பநிலையில் ஒரு வாசிப்புக்குச் சராசரியாக ஒரு ஃபோட்டான்கூடக் கிடைப்பதில்லை. ஆகவே உங்கள் நிரலில் 0, 1 என்பதற்குப் பதிலாக, ஒரே காத்திருப்பு நேரத்தை வைத்துப் பல்லாயிரம் முறை வாசித்த ஃபோட்டான் எண்ணிக்கையை வைத்து இரண்டாம் படியை மாற்றி எழுதிப் பாருங்கள்.