மலிவு ஹெட்போனா? காதோடு மெல்ல அழுத்திப் பாருங்கள்

மொரீஷியஸின் ரோஸ் ஹில் பஸ் நிலையத்தை ஒட்டிய கடைகளில் பின்பக்கம் (கிண்ணத்தின் வெளிப்புறம்) மூடிய மலிவு ஹெட்போனைப் போட்டுப் பார்க்கும்போது, பாட்டு ஓடும்போதே இரண்டு பக்கக் கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) ஒலி, அந்தத் 'தொம்', சட்டென்று பெருகினால் பஞ்சுறை காதைச் சுற்றிச் சரியாக மூடவில்லை என்று அர்த்தம். இந்த வகையில் பேஸ், அதாவது தாழ்ந்த கனத்த ஒலி, முழுக்க அந்த அடைப்பை நம்பித்தான் இருக்கிறது. கண்ணாடிக் காம்பு விடும் சின்ன இடைவெளியிலேயே அது கசிந்துவிடும். கண்ணாடி போடுபவர்கள் கழற்றாமலே சோதியுங்கள், தயவுசெய்து. அழுத்தியும் மாற்றமில்லை, தொப்பி மெலிந்தே கேட்கிறது என்றால் குறை ஹெட்போனில்தான். பின்பக்கம் திறந்த ஹெட்போனுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள், கசிவை அது ஓரளவு மறைத்துவிடும்.