ஸ்பார்க் திடீரென்று நின்றால்: மாற்றம் செய்த எஞ்சினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஸ்டீமின் 1.3 லிட்டர் எஞ்சினை மாருதி 800-ல் ஏற்றியவர்கள், பழைய ஹோண்டா சிட்டிக்கு ஹெட்டர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் மாற்றுக் குழாய்த் தொகுப்பு) போட்டவர்கள், ஜிப்ஸியில் தனி இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வைத்தவர்கள் என்று பலரும் சொல்லும் புகார் ஒன்று உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் நின்றுவிடும். செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. உடனே நாலு பிளக்கையும் கழற்றிப் புதிதாகப் போடுகிறார்கள். முதல் தவறே அதுதான். நாலு பிளக்கும் ஒரே நொடியில் சாகாது. ஒரு பிளக் போனால் எஞ்சின் மிஸ் அடிக்கும், அவ்வளவுதான். நாலுக்கும் சேர்ந்து ஸ்பார்க் போயிருந்தால் நாலுக்கும் பொதுவானதைத்தான் பார்க்க வேண்டும்: காயிலுக்கு வரும் கரண்ட், 12 வோல்ட்டை ஹை வோல்டேஜாக்கும் காயில், காயிலின் கரண்ட்டை விட்டுவிட்டு வெட்டும் இக்னைட்டர், அதற்கு சிக்னல் தரும் சென்சார், எர்த்.

அடுத்தது, ஸ்பார்க் பார்க்கும் விதம். பிளக் வயரைக் கழற்றி அந்தரத்தில் தொங்கவிட்டு செல்ஃப் அடிக்கக் கூடாது. பாய வழியில்லாத ஹை வோல்டேஜ் காயிலின் உள் இன்சுலேஷனையோ இக்னைட்டரையோ துளைத்துக்கொண்டு போகும். ஒரு கோளாறு இரண்டாகிவிடும். ஸ்பார்க் டெஸ்டரை எஞ்சின் பிளாக்கோடு இறுக்கமாகக் கவ்வவிட்டுப் பாருங்கள், கையில் பிடிக்க வேண்டாம். அதற்கு முன் பெட்ரோல் பம்ப் ஃபியூஸை உருவிவிடுங்கள். இல்லையென்றால் சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கும், கேட்டலிடிக் கன்வர்ட்டரும் கெடும்.

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளையும் கவனியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் பாகம்) உள்ள வண்டிகள் பலவற்றில் அந்த மீட்டருக்கு சிக்னல் காயிலின் நெகட்டிவிலிருந்தே போகிறது. முள் துடித்தால் இக்னைட்டர் வேலை செய்கிறது என்று பொருள். அப்போது காயில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டார், அதன் கேப் பக்கம் போகலாம். துடிக்கவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சில வண்டிகளில் அந்த வேகத்துக்கு முள் எழும்பவே எழும்பாது.

அதிகம் பேர் ஏமாறுவது மல்டிமீட்டரிடம்தான். காயிலின் பாசிட்டிவில் வைத்தால் 12 வோல்ட் காட்டும். ‘கரண்ட் வருது, காயில்தான் போச்சு’ என்று புதுக் காயில் வாங்கிவிடுவார்கள். ஆனால் வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிய இணைப்பில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட்தான் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட்டை இழுப்பதே இல்லை. காயில் வயரைக் கழற்றி அதில் ஒரு 21 வாட் பிரேக் பல்பை மாட்டுங்கள். பிரகாசமாக எரிந்தால் சப்ளை சரி. மங்கினால் கோளாறு வயரிங்கில். சாவி ஆன் நிலையில் ஒருமுறை, செல்ஃப் அடித்துக்கொண்டே ஒருமுறை பார்க்க வேண்டும். எஞ்சின் மாற்றிய வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது, பின்னால் வந்தவர்கள் வெட்டிச் சேர்த்த இடங்களைத்தான்: திருட்டு அலாரத்துக்காக டாஷ்போர்டுக்குக் கீழே இக்னிஷன் வயரை வெட்டிப் போட்ட ரிலே, எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச், பெயின்ட் மேலேயே முடுக்கிய எர்த் போல்ட். கம்பெனி வயரிங் படத்தில் இவை எதுவும் இருக்காது.

எர்த்தைப் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை சரியில்லை. எஞ்சின் இறக்கி ஏற்றும்போது அந்தப் பட்டையை மறந்துவிடுவது சாதாரணம். பிறகு கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும், கேபிளே சூடாகும்.

சூட்டில் செத்து ஆறினால் பிழைக்கும் கோளாறு தனி ரகம். 1998-ல் இங்கு வந்த முதல் சிட்டியில் காயிலும் இக்னைட்டரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே இருக்கும். பக்கத்தில் ஹெட்டர் சூடு வேறு. ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வருவதற்குள் ஆறி ஸ்டார்ட் ஆகிவிடும், ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவார்கள். நின்ற இடத்திலேயே, சூட்டோடு சோதிக்க வேண்டும். முடியவில்லையென்றால் ஹேர் டிரையரால் இக்னைட்டரைச் சூடேற்றிப் பாருங்கள். மாற்றும்போது அதன் முதுகில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவாமல் விட்டால் புதியதும் சீக்கிரம் போகும்.

‘பவர்’ காயில் போட்டவர்களுக்கு ஒரு கணக்கு. இக்னைட்டருக்கு முந்தைய பாயின்ட் காலத்துக் காயிலின் பிரைமரி (பேட்டரி கரண்ட் ஓடும் சுற்று) சுமார் 3 ஓம், 14 வோல்ட்டில் ஐந்து ஆம்பியருக்குள் முடிந்துவிடும். 0.7 ஓம் காயிலைக் கட்டினால் 20 ஆம்பியர் வரை ஏறப் பார்க்கும். கரண்ட்டைக் கட்டுப்படுத்தத் தெரியாத இக்னைட்டர் இதைத் தாங்காது. தனி இசியூவில் ட்வெல் நேரத்தை (ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் முன் காயிலில் கரண்ட் ஓடும் நேரம்) கண்மூடித்தனமாகக் கூட்டினாலும் இதே கதி. சிடிஐ பாக்ஸ் (கெப்பாசிட்டரில் சேமித்த ஹை வோல்டேஜைக் காயிலுக்குள் விடும் இக்னிஷன்) இருந்தால் காயில் பக்கம் டெஸ்ட் லைட்டே வேண்டாம். அங்கே 400 வோல்ட்டுக்கு மேல் வரும், ஆபத்து.

கடைசியாக, பலர் நினைத்தே பார்க்காத ஒன்று. எஸ்டீமின் கார்புரேட்டர் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம் ஷாஃப்ட். டைமிங் பெல்ட் அறுந்தாலும் ஸ்பார்க் போகும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, செல்ஃப் அடிக்கும்போது உள்ளே கேம் சுற்றுகிறதா என்று பார்த்தால் போதும். சுற்றவில்லையென்றால் அத்தோடு செல்ஃபை நிறுத்திவிடுங்கள். சில எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும்.