உண்ணிச்செடிப் பூவிலிருந்து இறகு அந்துப்பூச்சி: வளர்ப்பதும் விரித்து வைப்பதும்

ஹவாய்த் தீவுகளில் உண்ணிச்செடி கட்டுக்கடங்காமல் பெருகியபோது, அதைத் தின்னும் பூச்சிகளை 1902இல் பூச்சியியலாளர் ஆல்பர்ட் கோபெலே மெக்சிகோவிலிருந்து அனுப்பினார். அவற்றில் ஒன்று லாண்டனோஃபாகா புசில்லிடாக்டைலா என்ற சிறிய இறகு அந்துப்பூச்சி. முன்சிறகு இரண்டாகவும் பின்சிறகு மூன்றாகவும் பிளந்திருக்கும். ஓரமெங்கும் மெல்லிய மயிர்வரிசை. வலையில் ஒருமுறை அடிபட்டாலே அது உதிர்ந்துவிடும். ஆகவே சேகரிப்பில் வைக்க, புழுவிலிருந்து வளர்த்தெடுப்பதே நல்லது.

1. பூக்கள் பாதி வாடி, அடியில் துளையும் எச்சத் துகளும் தெரியும் கொத்துகளாக இருபது பறியுங்கள். பனி ஈரம் காய்ந்தபின் பறிக்க வேண்டும்.

2. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவில் டிஷ்யூ காகிதம் விரித்து, கொத்துகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். இறுக்கமான மூடி போட்டால் பூஞ்சை பிடித்துப் புழுக்கள் செத்துவிடும். காகிதத்தைத் தினமும் மாற்றுங்கள். பூச்சிக்குப் பதில் சிறு குளவி வெளிவந்தால் அதையும் தேதியோடு எடுத்து வையுங்கள். புழுவுக்குள் ஒட்டுண்ணியாக இருந்தது அதுதான்.

3. வெளிவந்த பூச்சியைச் சிறகு கெட்டிப்படும்வரை ஒரு நாள் விட்டுவிட்டு, சிறு குப்பியில் இட்டு ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். எடுத்த கையோடு வேலையைத் தொடங்குங்கள். இவ்வளவு சிறிய உடல் சீக்கிரம் காய்ந்து விறைத்துவிடும்.

4. கடினமான கட்டம் இதுதான். 0.15 மி.மீ. தலையில்லா ஊசியை மார்பின் நடுவே மேலிருந்து செங்குத்தாக இறக்கி, ஒரு மி.மீ. பள்ளமுள்ள ஃபோம் பலகையில் குத்துங்கள். நீண்ட பின்னங்கால்களைப் பின்னோக்கி ஒதுக்குங்கள், தொட்டால் ஒடியும். சிறகுகள் சுருட்டிய குடைபோல ஒன்றுக்குள் ஒன்று மடிந்திருக்கும். பின்பக்கமிருந்து மெல்ல ஊதுங்கள்; விலகிக் கொடுக்கும். முன்சிறகின் அடிநரம்பை ஊசி நுனியால் தள்ளி, பின்னோரம் உடலுக்குச் செங்குத்தாக வரும்வரை உயர்த்துங்கள். அடுத்து பின்சிறகு. மூன்று பிளவுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, டிரேசிங் காகிதத் துண்டால் மூடி, சிறகுக்கு வெளியே ஊசி குத்துங்கள். பிளவுகள் ஒட்டிக்கொண்டே இருந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது. சற்றுப் பொறுத்துத் தொடருங்கள்.

5. இரண்டு வாரம் காயவிடுங்கள். அவசரப்பட்டுக் காகிதத்தை எடுத்தால் சிறகு தொங்கிப்போகும். வயிறு உடைந்தால் எறிந்துவிடாதீர்கள். இனத்தை உறுதிசெய்ய இனப்பெருக்க உறுப்பைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஜெலட்டின் கேப்ஸ்யூலில் இட்டு அதே பூச்சியோடு வையுங்கள். சீட்டில் தீவு, இடம், உயரம், பூ பறித்த தேதி, பூச்சி வெளிவந்த தேதி, உண்ட செடி ஆகியவற்றை எழுதுங்கள்.